ஏரியில் மண் வெட்டுவது நாம். மதகுச் சாவி யார் கையில்?

குடிமராமத்து என்றால் என்னவென்று கிராமத்துத் தோழர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஏரியில் வண்டல் சேர்ந்தால், வாய்க்கால் தூர்ந்தால், ஊர் கூடி மண்வெட்டி தூக்கும். கூலி கிடையாது. “தண்ணீர் எல்லோருக்கும் பொது” என்பதுதான் பேச்சு. ஆனால் மதகு திறந்ததும் தண்ணீர் முதலில் எந்த வயலுக்குப் பாய்ந்தது? மிராசுதாரின் வயலுக்கு! கரையில் மண் சுமந்த பண்ணையாளுக்குப் பாய்ச்ச வயலே இல்லை. இந்த வேலைக்கு மனம் கோணி யாராவது வராமலிருந்துவிட்டால் என்ன செய்வது என்று 1858-ல் அன்றைய கம்பெனி சர்க்கார் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றே போட்டது.

உழைப்பு பொது. ஏரி பொது. மதகுச் சாவி மட்டும் ஒருவன் கையில். இதுதான் பழைய கதை.

இன்று வேறொரு ஏரி வெட்டப்படுகிறது. அதன் பெயர் குவாண்டம் கம்ப்யூட்டர் மென்பொருள். உலகம் முழுவதும் பல்லாயிரம் பேர் இரவு பகலாக இந்த ஏரியில் மண் வெட்டுகிறார்கள். பலருக்குக் கூலி கிடையாது. “வாருங்கள், எல்லோரும் பங்களியுங்கள், இது திறந்த மூலம், எல்லோருக்கும் பொது!” என்று தண்டோரா போடுகிறார்கள் அமெரிக்க ஏகபோகக் கம்பெனிகள். நம் ஊர் என்ஜினீயரிங் கல்லூரிகளில் படிக்கும் பஞ்சாலைத் தொழிலாளியின் மகனும், விவசாயத் தொழிலாளியின் மகளும் இந்தத் தண்டோராவைக் கேட்டுத் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆகவே நாம் கேட்க வேண்டியிருக்கிறது: இந்த ஏரியின் மதகுச் சாவி யார் கையில்?

நமக்கென்ன சம்பந்தம்?

“ரிங் பிரேமுக்கு முன்னால் நிற்பவனுக்கும், சேற்றில் இறங்கி நடவு நடுகிறவளுக்கும் குவாண்டம் எதற்கு? கூலி உயர்வைப் பற்றி எழுது” என்று சில தோழர்கள் சொல்வார்கள். நியாயமான கேள்விதான். பதில் சொல்கிறோம்.

சாதாரணக் கம்ப்யூட்டருக்குள் கோடிக்கணக்கான சிறு சுவிட்சுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் எரியும், அல்லது அணையும். மூன்றாவது நிலை இல்லை. குவாண்டம் கம்ப்யூட்டரில் அந்த இடத்தில் க்யூபிட் என்ற ஒன்று இருக்கிறது. அளந்து பார்க்கும் வரையில் அது இரண்டு நிலைகளும் கலந்திருக்க முடியும். பல க்யூபிட்டுகளை ஒன்றோடொன்று பிணைக்கவும் முடியும். இதனால் சில வகைக் கணக்குகளை, எல்லாக் கணக்குகளையும் அல்ல, சாதாரண யந்திரம் நினைத்தும் பார்க்க முடியாத வேகத்தில் போடலாம் என்று விஞ்ஞானம் காட்டியிருக்கிறது.

எந்தக் கணக்கு? ஒன்றைச் சொல்கிறோம். வயலில் போடும் யூரியாவுக்கு மூலப்பொருள் அம்மோனியா. அதைக் கடும் சூட்டிலும் கடும் அழுத்தத்திலும் ஆலைகளில் செய்கிறார்கள். எரிபொருள் ஏராளமாகச் செலவாகிறது. ஆனால் உளுந்துச் செடியின் வேர் முடிச்சில் குடியிருக்கும் நுண்ணுயிர் சத்தமில்லாமல், சூடில்லாமல், அதே வேலையைச் செய்துவிடுகிறது! அந்த ரகசியத்தைக் குவாண்டம் கம்ப்யூட்டரில் ஆராய முடியும் என்று 2017-ல் விஞ்ஞானிகள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அதற்குப் போதுமான யந்திரம் இன்னும் பிறக்கவில்லை. இன்றைய யந்திரங்கள் அடிக்கடி பிழை செய்கின்றன. பிறந்துவிட்டால்? கண்டுபிடிப்பின் பேடன்ட் யாருடையது? உர மூட்டைக்கு விலை வைப்பவன் யார்? அன்றைக்குக் கேட்டுப் பயனில்லை, தோழர்களே! மதகு கட்டும்போதே கேட்க வேண்டும்.

இன்னொன்று. மத்திய சர்க்கார் 2023 ஏப்ரலில் தேசிய குவாண்டம் திட்டம் என்று ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்தது. எட்டு ஆண்டுகளுக்கு 6,003.65 கோடி ரூபாய். இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? நாம் வாங்கும் சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் கட்டும் வரியிலிருந்து வருகிறது. நம் பணம் போகும் இடத்தைப் பற்றி நமக்குச் சம்பந்தமில்லை என்று யார் சொல்ல முடியும்?

ஊர் கூடி எழுதும் எழுத்து

யந்திரம் மட்டும் இருந்தால் போதாது. அதற்கு வேலை சொல்ல வேண்டும். அந்த எழுத்து வேலைதான் மென்பொருள். நெசவாளர்களுக்கு இது புரியும். டிசைன்காரர் தாளில் புட்டா போடுகிறார். அதை இருக்கிற தறிக்கு ஏற்றபடி ஜக்கார்டு அட்டையில் துளையாக மாற்ற ஒருவர் வேண்டும். குவாண்டம் மென்பொருளின் பெரிய வேலையும் இதுதான். விஞ்ஞானி எழுதிய கணக்கை, இருக்கிற யந்திரத்தின் க்யூபிட்டுகளுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுப்பது.

இப்படிப்பட்ட மென்பொருள்கள் பல. ஐ.பி.எம். கம்பெனி 2017-ல் வெளியிட்டது கிஸ்கிட். கூகுள் 2018-ல் வெளியிட்டது சர்க். கனடாவின் ஸனாடு கம்பெனியுடையது பென்னிலேன். இவை எல்லாவற்றின் மூல எழுத்தும் பகிரங்கமாக இருக்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பிழை கண்டால் சொல்லலாம். திருத்தி எழுதி அனுப்பலாம். பொறுப்பாளர்கள் பார்த்து, சரியென்றால் சேர்த்துக்கொள்வார்கள். இதைத்தான் ‘பங்களிப்பு’ என்கிறார்கள்.

வேலை செய்கிற முறை என்ற அளவில் இது அருமையான முறை! மேஸ்திரியின் விரட்டல் இல்லை. தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறான். வேலையின் பலன் ஒளித்து வைக்கப்படவில்லை. உழைப்பாளிகள் கூடிச் செய்தால் என்னென்ன நடக்கும் என்பதற்கு இது கண்கண்ட சாட்சி. 1991-ல் பின்லாந்தில் ஒரு மாணவர் தொடங்கி, உலகமே கூடி எழுதிய லினக்ஸ் இல்லாமல், 2017 நவம்பர் பட்டியலிலிருந்த உலகின் 500 மிகப் பெரிய கம்ப்யூட்டர்களில் ஒன்றுகூட ஓடவில்லை. லாப ஆசை இல்லாவிட்டால் உலகம் நின்றுவிடும் என்று உபதேசம் செய்கிறவர்கள் இதற்கு என்ன பதில் சொல்கிறார்கள்?

ஆக, பொதுவில் உழைப்பதோடு நமக்குச் சண்டையில்லை. பொதுவில் விளைந்ததைத் தனியார் களத்துக்கு ஓட்டிச் செல்கிறார்களே, அதோடுதான் நம் சண்டை.

தாராளமா? தந்திரமா?

“ஐ.பி.எம். கம்பெனி தன் சம்பளக்காரர்களை வைத்துக் கிஸ்கிட்டின் பெரும்பகுதியை எழுதி, உலகத்துக்கே இனாமாகக் கொடுக்கிறதே! இதைவிடத் தாராளம் உண்டா?” என்று கேட்கிறார்கள் கம்பெனியின் துதிபாடிகள்.

சம்பளக்காரர்கள்தான் பெரும்பகுதியை எழுதினார்கள் என்பது உண்மை. அவர்களும் நம்மைப் போல உழைப்பை விற்றுப் பிழைக்கும் தொழிலாளிகள் என்பதும் உண்மை. ஆனால் கம்பெனி ஏன் இனாமாகக் கொடுக்கிறது? பண்ணையார் விதை நெல்லை இனாமாகக் கொடுத்தால் உழவன் யோசிப்பான். எதற்காகக் கொடுக்கிறார்? அறுவடையை அவர் களத்தில்தான் அடிக்க வேண்டும் என்பதற்காக!

கிஸ்கிட் இனாம். ஆனால் அதை ஓட்ட யந்திரம் வேண்டுமே? அந்தச் சில்லைப் பூஜ்யத்துக்குக் கீழே ஏறக்குறைய 273 டிகிரிக் குளிரில் வைத்திருக்க வேண்டும். அதை வீட்டில் வைத்துக்கொள்ள யாரால் முடியும்? கம்பெனியின் யந்திரத்துக்குத்தான் கம்பிவழி போக வேண்டும். 2024-ல் அங்கே என்ன கணக்கு? மாதத்துக்கு 10 நிமிடம் இனாம். அதற்கு மேல் போனால், வேண்டியபோது வாங்கும் முறையில் நிமிடத்துக்கு 96 டாலர்! அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 8,000 ரூபாய்.

தோழர்களே, ஒப்பிட்டுப் பாருங்கள். 2024-25-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட கூலி நாளுக்கு 319 ரூபாய். யந்திரத்தின் ஒரு நிமிடம் விவசாயத் தொழிலாளியின் 25 நாள் வெயிலுக்குச் சமம்! கூகுளின் யந்திரத்தில் இந்த நிமிடக் கணக்குக்கூட இல்லை. கூகுள் அனுமதித்தவர்கள் மட்டுமே அதில் ஏற முடியும். எழுத்து திறந்திருக்கிறது, யந்திரம் பூட்டியிருக்கிறது. இதுதான் ‘திறந்த மூலம்’ என்பதன் மறுபக்கம்.

பூட்டு வைத்திருப்பவன் நினைத்த நேரத்தில் பூட்டலாம். க்யூபிட்டுக்கு அனுப்பும் மைக்ரோவேவ் துடிப்பையே தாங்கள் வடிவமைத்துச் சோதனை செய்ய ஆராய்ச்சியாளர்களுக்கு ஐ.பி.எம். ஒரு வழி திறந்து வைத்திருந்தது. அந்த வழியை நம்பிப் பல பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சி நடந்தது. 2025-ல் வழி அடைக்கப்பட்டது. “வேறு வசதி தருகிறோம்” என்றது கம்பெனி. ஆலைத் தொழிலாளிக்கு இது புதிதா? “மெஷினை ஓட்டு, மூடியைத் திறக்காதே!” 2024 மே மாதத்தில் கம்பிவழி இனாமாகக் கிடைத்த பாவனைக் கம்ப்யூட்டர்களையும் நிறுத்தினார்கள். உபயோகித்தவர்களிடம் ஓட்டெடுப்பு நடந்ததா? இல்லை. மதகுச் சாவி அவர்களிடம் இருக்கிறது, திருப்பினார்கள்.

கையெழுத்துப் போடுமுன் படி!

லைசென்ஸ் என்ற காகிதத்தையும் பார்ப்போம். கிஸ்கிட், சர்க், பென்னிலேன் மூன்றும் அப்பாச்சி லைசென்ஸில் வெளிவருபவை. அதன்படி யார் வேண்டுமானாலும் அந்த எழுத்தை எடுக்கலாம், மாற்றலாம், மாற்றியதை மூடி வைத்து விற்கலாம். திருப்பிக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஏழை மாணவனுக்கும் இதே உரிமை உண்டு என்கிறார்கள். மெய்தான்! அரண்மனைக் கட்டும் உரிமை குடிசைவாசிக்கும் உண்டு.

இது போதாதென்று, கிஸ்கிட்டுக்கோ சர்க்குக்கோ திருத்தம் அனுப்புகிறவர் முதலில் ஒரு உடன்படிக்கையில் கையெழுத்திட வேண்டும். எழுதியது உன்னுடையதுதான், ஆனால் அதை எங்கள் இஷ்டம்போல் உபயோகிக்கவும் பிறருக்கு உரிமை கொடுக்கவும் எங்களுக்கு அனுமதி தந்துவிட்டாய் என்பது அதன் சாரம். எத்தனை மாணவர்கள் இதைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுகிறார்கள்?

வேறு வகை லைசென்ஸும் உண்டு. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இயக்கம் 1989-ல் ஜி.பி.எல். என்ற உரிமத்தைப் பிறப்பித்தது. பொதுவிலிருந்து எடுத்தவன், மாற்றிப் பிறருக்குக் கொடுத்தால், மாற்றத்தையும் பொதுவுக்கே கொடுக்க வேண்டும் என்பது அதன் விதி. எழுத்தை வெளியே கொடுக்காமல் தன் யந்திரத்தில் ஓட்டி வாடகை வாங்குகிறவன் இந்த விதிக்குத் தப்பிவிடுகிறான் என்பதைக் கண்டு, அவனையும் கட்டுவதற்கு 2007-ல் ஏ.ஜி.பி.எல். வந்தது. நிமிடக் கணக்கில் யந்திர நேரம் விற்கும் இந்தத் துறைக்கு எது பொருத்தம்? கம்பெனிகள் தாமாகத் தேர்ந்தெடுத்தது எது? இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வர்க்க நலன் பளிச்சென்று தெரியும்.

நேற்று நடந்தது

“இதெல்லாம் சந்தேகப் பேச்சு” என்பார்கள். நடந்ததைச் சொல்கிறோம்.

2001-ல் மைக்ரோசாப்ட் கம்பெனியின் தலைவர் லினக்ஸைப் புற்றுநோய்க்கு ஒப்பிட்டார். அதே மைக்ரோசாப்ட் 2018-ல், உலகத்தின் பொது எழுத்தில் பெரும்பகுதி சேமிக்கப்பட்டிருக்கும் கிட்ஹப் என்ற களஞ்சியத்தை 750 கோடி டாலருக்கு வாங்கியது. கிஸ்கிட்டும் சர்க்கும் இருப்பது அங்கேதான். பிறகு, அங்கே ஊர் கூடிக் கொட்டிய எழுத்தைக் கொண்டு பழக்கிய ஒரு தானியங்கி எழுத்தனை 2022-ல் மாதம் 10 டாலர் வாடகைக்கு விட ஆரம்பித்தது. எழுதியவர்களுக்குப் பங்கு? ஒரு சல்லிக்காசு இல்லை.

ஐ.பி.எம். 2019-ல் ரெட் ஹாட் கம்பெனியை 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. ரெட் ஹாட்டின் முதல் என்ன? ஊர் கூடி எழுதிய லினக்ஸ். 2023 ஜூனில் அந்தக் கம்பெனி தன் முக்கிய லினக்ஸ் சரக்கின் மூல எழுத்தைப் பொதுவில் வெளியிடும் முறையைக் குறுக்கி, வாடிக்கையாளர்களுக்கே அதைக் கொடுப்பது என்று தீர்மானித்தது.

பராமரிக்கிறவன் கதி என்ன? உலகின் வலைத்தளங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பூட்டாக இருந்தது ஓப்பன்-எஸ்.எஸ்.எல். என்ற பொது மென்பொருள். 2014-ல் அதில் பயங்கரமான ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. அப்போதுதான் வெளியே தெரிந்தது: அதை முழுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தது ஒரே ஒருவர், வந்த நன்கொடை ஆண்டுக்கு ஏறக்குறைய 2,000 டாலர்! அதன்மேல் கோடி கோடியாக வியாபாரம் செய்த கம்பெனிகள் ஓட்டை தெரிந்த பிறகே பையைத் திறந்தன. கரை உடைந்த பிறகு மண் மூட்டை!

நம் மொழியிலும் இது நடந்திருக்கிறது. கிஸ்கிட் ஆவணங்களைப் பல மொழிகளில் பெயர்த்தார்கள். அவற்றில் தமிழும் ஒன்று. செய்தவர்கள் தன்னார்வலர்கள். தமிழில் விஞ்ஞானம் வர வேண்டும் என்ற ஆர்வத்தோடு உழைத்த அந்த இளைஞர்களுக்கு நம் வணக்கம். ஆனால் ஒரு பெரும் கம்பெனியின் யந்திரத்துக்குக் கையேடு பெயர்த்தவர்களுக்கு அந்தக் கம்பெனி கூலி கொடுக்க வேண்டாமா? ஆர்வம் நம்முடையது, அதைச் சம்பளமில்லா உழைப்பாக்கும் சாமர்த்தியம் அவர்களுடையது.

விலகி நிற்பதும் தவறு

இவ்வளவையும் கேட்டுவிட்டு, “அப்படியானால் நம் பிள்ளைகள் இதைத் தொடவே வேண்டாம்” என்று சொல்லத் தோன்றும். அது பெரும் பிழை!

மிராசுதார் தண்ணீரைத் திருப்பிக்கொண்டான் என்பதற்காக ஏரியைத் தூர்த்துவிட்டா போராடினோம்? இல்லை. மதகில் நமக்கும் உரிமை கேட்டுப் போராடினோம். யந்திரத்தை உடைத்துத் தொழிலாளி வர்க்கம் விடுதலை பெறவில்லை. யந்திரத்தைத் தெரிந்துகொண்டு, சங்கம் சேர்ந்து, உரிமை கேட்டது. வேலை தெரிந்தவன் கையில்தான் வேலைநிறுத்தம் ஆயுதமாகிறது.

மேலும், இந்த விஞ்ஞானம் கம்பெனிகளின் சொத்தா? குவாண்டம் கணக்கு யந்திரம் என்ற எண்ணத்தை 1980-லேயே எழுதியவர்களில் ஒருவர் சோவியத் கணித மேதை யூரி மானின். இன்றைய ஐ.பி.எம்., கூகுள் யந்திரங்களுக்கு அடிப்படையான மின்சுற்றுச் சோதனைகளுக்காக 2025-ல் மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் சோதனைகள் 1984-85-ல் நடந்த இடம் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம், ஒரு பொதுப் பல்கலைக்கழகம். கிஸ்கிட், சர்க், பென்னிலேன் மூன்றையும் எழுதப் பயன்படும் பைத்தான் மொழி பிறந்தது ஆம்ஸ்டர்டாமின் கணித ஆராய்ச்சி நிலையத்தில். விதை பொது. உழவு பொது. களஞ்சியம் மட்டும் ஏன் தனியார்?

வேறு வழி உண்டு என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. க்யூடிப் என்ற குவாண்டம் மென்பொருளை எந்த ஏகபோகமும் பிறப்பிக்கவில்லை. ஆராய்ச்சியாளர்கள் தங்கள் தேவைக்காக எழுதினார்கள். இன்று உலகமெங்கும் ஆராய்ச்சிக் கூடங்களில் ஓடுகிறது. யூனிட்டரி பண்ட் என்ற பெயரில் தொடங்கிய லாபநோக்கற்ற ஸ்தாபனம், பொது மென்பொருள் எழுதுகிறவர்களுக்குச் சிறு உதவித்தொகை கொடுக்கிறது. பிழை திருத்துகிறவர்களுக்குப் பரிசுப் பணம் கொடுக்கும் போட்டியும் நடத்துகிறது. அளவில் சிறியதுதான். ஆனால் உழைப்புக்குப் பணம் கொடுத்தால் பொதுத்தன்மை கெட்டுப்போகும் என்ற பொய்யை அது உடைக்கிறது. பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கட்டற்ற மென்பொருளில்தான் கம்ப்யூட்டர் படிக்கிறார்கள். சர்க்கார் நினைத்தால் முடியும்!

நம் கோரிக்கைகள்

தேசிய குவாண்டம் திட்டம் 50 முதல் 1,000 க்யூபிட் வரையிலான யந்திரங்களைச் செய்யப் போவதாகச் சொல்கிறது. திட்டத்தின் நான்கு மையங்களில் ஒன்று சென்னை ஐ.ஐ.டி.யில் இருக்கிறது. இன்னொரு பக்கம், ஆந்திராவின் அமராவதியில் ஐ.பி.எம்.மின் 156 க்யூபிட் யந்திரத்தை நிறுவப்போவதாக 2025 மே மாதம் அறிவித்தார்கள்; கூடவே டாடாவின் டி.சி.எஸ்., எல் அண்டு டி. அந்நிய ஏகபோகமும் இந்திய ஏகபோகமும் கைகோத்து வருகின்றன. ஆகவே இப்போதே கேட்கிறோம்:

ஒன்று: மக்கள் பணத்தில் எழுதப்படும் ஒவ்வொரு வரி மென்பொருளும் பொதுவுக்கு வர வேண்டும். எடுத்தவன் திருப்பிக் கொடுக்கும் லைசென்ஸில் வர வேண்டும்.

இரண்டு: மக்கள் பணத்தில் நிறுவும் யந்திரத்தின் நேரத்தில் ஒரு நிச்சயமான பங்கு, அரசுக் கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்களுக்கு இனாமாக ஒதுக்கப்பட வேண்டும். யாருக்கு எத்தனை நிமிடம் என்ற கணக்கு பகிரங்கமாக வேண்டும்.

மூன்று: பொது மென்பொருளைப் பராமரிப்பது வேலை. வேலைக்குச் சம்பளம் வேண்டும். திட்டப் பணத்திலிருந்து பராமரிப்பாளர்களுக்கு நிரந்தர வேலை கொடு!

நான்கு: மூடியைத் திறக்க அனுமதிக்காத அந்நிய யந்திரத்துக்கு மக்கள் பணத்தைக் கொட்டாதே!

ஐந்து: இந்த விஞ்ஞானத்தைத் தமிழில் சொல்லிக்கொடு. பெயர்க்கிறவர்களுக்குக் கூலி கொடு!

மாணவத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. எழுதுங்கள், தாராளமாக எழுதுங்கள். ஆனால் எந்த ஏரியில் மண் வெட்டுகிறோம் என்று பார்த்து வெட்டுங்கள். ஒரே கம்பெனியின் பிடியில் இல்லாத திட்டங்களுக்கு முதல் உழைப்பைக் கொடுங்கள். கையெழுத்துக்கு முன் காகிதத்தைப் படியுங்கள். “இனாமாக உழை, பிறகு வேலை கிடைக்கும்” என்ற ஆசை வார்த்தையை நம்பி ஆண்டுக்கணக்கில் காத்திருக்காதீர்கள். ஆலை வாசலில் சம்பளமில்லாமல் ‘வேலை பழகிய’ உங்கள் தாத்தாக்களிடம் அந்தக் கதையைக் கேளுங்கள். தனித்தனியாக நிற்காமல் சங்கமாகச் சேருங்கள்.

உங்கள் தகப்பனார்கள் பஞ்சாலையில் சங்கம் கட்டியபோது, “படிக்காதவனுக்குச் சங்கம் எதற்கு?” என்றார்கள். இன்று உங்களைப் பார்த்து, “படித்தவனுக்குச் சங்கம் எதற்கு?” என்கிறார்கள். இரண்டும் ஒரே குரல்தான்.

ஏரியில் மண் வெட்டியவர்களே, மதகில் உரிமை கேளுங்கள்!